பின்னால் நின்று கூப்பிடாதவர்கள்

சர்க்கரை வியாதி எனக்கு. ஓடுவது என் மனைவி. எங்கள் வீட்டில் வேலைகள் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

டாக்டர் என்னைத்தான் நடக்கச் சொன்னார். தனியாக நடக்கக் கூச்சமாக இருந்ததால் (நடக்கவே பிடிக்கவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறேன்) வடிவைத் துணைக்குக் கூப்பிட்டேன். சண்முகவடிவு, பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறவள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். இரண்டாவது வாரமே நான் பாலத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அவள் பாலத்தைத் தாண்டிப் போனாள். பிறகு வேகமாகப் போனாள். ஒருநாள் நான் விளையாட்டுச் செய்தியை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர்கள் ஒன்றை ஆரம்பித்தால் விடை வரும்வரை விடமாட்டார்கள்.

நாலைந்து வருஷத்தில் விடை எங்கே வந்து நின்றது என்றால், லடாக்கில் மூன்று கணவாய்களைத் தாண்டி ஓடும் ஒரு நெடுந்தூர ஓட்டத்தில். கணவாய் என்பதை இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கிற காற்றோட்டமான சந்து என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே அந்தச் சந்துகளே நம் பொதிகை உச்சியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு உயரத்தில் இருந்தன. இதற்காக வடிவு ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் பாபநாசம் போய், அணைக்குப் போகும் மலைச்சாலையில் ஏறி இறங்கினாள். முழங்கால் வீங்கியது. அதைத் தச்சநல்லூரில் இருக்கும் என் மாமியார் பார்த்துவிட்டார்.

"இந்த வயசுல உன்னை யாருட்டி வெரட்டுதா?"

"யாரும் வெரட்டலம்மா. நானாத்தான் ஓடுதேன்."

"அதாம்ட்டி பயமா இருக்கு."

வழக்கு நடந்தது. முடிவில் அத்தை ஓர் ஒப்பந்தம் போட்டார். "இந்த ஒரு மலையை ஓடி முடிச்சிட்டு வா. அதுக்கப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். முடிக்காம வந்தியோ, அதோட சரி. ஷூவை மாடியில தூக்கிப் போட்டுரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் வடிவு.

அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். கல்யாணத்தன்று எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு இன்றுவரை அவதிப்படுகிறவள். ஆகவே அந்த ஓட்டத்தில் பந்தயம் வைக்கப்பட்டிருந்தது பதக்கம் இல்லை. விடிகாலையில் ஆற்றங்கரையில் அவள் தனக்கென்று வைத்திருந்த அந்த ஒரு மணி நேரம். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அடுத்து வருவதையெல்லாம் செய்தேன்.

ஓட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வண்டியையும் இரண்டு உதவியாளர்களையும் கொண்டுவர வேண்டும் என்பது விதி. தண்ணீர், சாப்பாடு, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு முன்னும் பின்னுமாகப் போவது அவர்கள் வேலை. தலைமை உதவியாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். தகுதி: மலை ஏற்றத்தைப் பற்றி ஐந்து புத்தகங்கள் படித்திருந்தது. இரண்டாவது ஆள் வடிவின் தம்பி கோமதிநாயகம். தச்சநல்லூரில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறான். அவன் தகுதி: கூப்பிட்டவுடன் வந்தது.

மகளை அத்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிற அன்று வாசலில் நின்று அவர் எங்கள் இருவருக்கும் ஒரே ஓர் அறிவுரை சொன்னார்.

"மாப்ளே, நாயகம், ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. போறவளைப் பின்னால நின்னு கூப்பிடாதிய. காரியம் கெட்டுரும்."

நான் ஒரு பகுத்தறிவுப் புன்னகை புரிந்தேன். நாயகம் தலையாட்டினான்.

லடாக்கில் முதல் சில நாட்கள் தலைவலியோடு கழிந்தன. (எனக்கும் நாயகத்துக்கும். வடிவு காலையில் எழுந்து 'காத்து நல்லா இருக்கு' என்றாள்.) எங்கள் வண்டியை ஓட்டியவர் தோர்ஜே என்ற உள்ளூர்க்காரர். அவருக்கு இந்தி தெரியும். எனக்கு 'பானி', 'ஜல்தி', 'நஹீ' ஆகிய மூன்று சொற்கள் தெரியும். அவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் கௌரவமாகக் காலம் தள்ளினோம்.

ஓட்டத்துக்கு முந்தின மாலை கூட்டத்தில் உதவியாளர்களுக்கு விதிகளைச் சொன்னார்கள். வண்டியில் ஏறிய ஓட்டக்காரர் ஆட்டத்தில் இல்லை. மூன்றாவது கணவாயின் அடிவாரத்தில் ஒரு கூடாரம் இருக்கும். மாலை ஐந்து மணிக்குள் அதைத் தாண்டாதவரும் ஆட்டத்தில் இல்லை. பாதை பிரிகிற இடங்களில் உதவியாளர்கள் தங்கள் ஓட்டக்காரருக்கு முன்பே போய் நிற்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் தலையில் இரண்டு முறை அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் ஓட்டம் துவங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். வடிவு பத்தடி போயிருப்பாள். அப்போதுதான் அவளுடைய குரங்குக் குல்லா என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

"வடிவு! குல்லா!"

அவள் திரும்பினாள். பின்னால் வந்த ஓர் ஆஜானுபாகு அவள்மேல் மோதினார். இருவரும் ரோட்டோரச் சரளையில் சரிந்தார்கள். வடிவு எழுந்து, கணுக்காலை உதறிப் பார்த்துவிட்டு, குல்லாவை வாங்கிக்கொள்ளாமலே ஓடினாள். லேசாக நொண்டியதுபோல் எனக்குத் தோன்றியது. நாயகத்துக்குத் தோன்றவில்லை, அவன் உறுதியாகப் பார்த்துவிட்டான்.

"அம்மா என்ன சொல்லி விட்டா அத்தான்?"

"அது சும்மா, தற்செயல்டா."

"பத்தடி போகலை. அதுக்குள்ள விழுந்துட்டா. இதுல எங்கன இருக்கு தற்செயலு?"

புள்ளிவிவரப்படி ஒரே ஒரு நிகழ்வை வைத்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். அந்த உயரத்தில் அவ்வளவு நீளமான வாக்கியத்துக்குக் காற்று போதவில்லை. மேலும் முதல் கணவாயில் ஏறும்போது அவள் கணுக்காலைப் பார்த்துப் பார்த்து மிதித்தாள். ஒவ்வொரு வளைவிலும் நாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். மதியத்துக்குள் நான் மனதளவில் மதம் மாறியிருந்தேன்.

இரண்டாவது கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்தி ரசம் சுட வைத்தோம். வடிவு வந்தாள். ஒரு டம்ளர் ரசம், இரண்டு துண்டு சுக்குக் கருப்பட்டி. நேரம் தாராளமாக இருந்தது. கணுக்காலும் அடங்கியிருந்தது. "கீழ பாதை பிரியுமாம். முன்னால போயி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் ஓடினாள்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பத்தான் இருந்தோம். நான் மிச்ச ரசத்தைப் பிளாஸ்கில் ஊற்றினேன். "பைய ஊத்துங்க அத்தான், சிந்துது," என்றான் நாயகம். அவ்வளவுதான். அருகில் வரிசையாக நின்றிருந்த ராணுவ லாரிகளின் பக்கத்திலிருந்து சீருடையில் ஓர் இளைஞன் ஓடிவந்தான்.

"அண்ணாச்சி! திருநெல்வேலியா?"

"ஆமா! எப்படிக் கண்டுபிடிச்ச?"

"'பைய'ன்னியள்லா? கேட்டு ஒரு வருசம் ஆச்சு அண்ணாச்சி. நான் செல்லத்துரை. முக்கூடல்."

உலகத்தின் கூரையில் நின்றாலும் திருநெல்வேலிக்காரர்கள் இருவர் சந்தித்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் பிரிய முடியாது. இருவருக்கும் பொதுவான ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதுவரை அந்தச் சந்திப்பு சட்டப்படி முடிவதில்லை.

"முக்கூடல்ல எங்கன?" என்றான் நாயகம்.

"ஆத்துக்குப் போற தெரு."

"அங்கன மாவு மில்லு வச்சிருந்தாவளே, பரமசிவம்..."

"எங்க பெரியப்பாவுக்குச் சகலை!"

"ஏ லே! அவருக்கு மோட்டாரு குடுத்ததே நாந்தாம்லா!"

நாயகம் அவனைக் கட்டிப்பிடித்தான். தலைமை உதவியாளர் என்ற முறையில் நான் தலையிட்டேன். அதாவது, பரமசிவத்தின் மூத்த பெண் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறாள் என்று கேட்டேன். செல்லத்துரை டீ வாங்கிக் கொடுத்தான். அந்தப் பெண் வீரவநல்லூரில் இருப்பதாகவும், அவள் மாமனாருக்கும் என் சித்தப்பாவுக்கும் ஒரு காலத்தில் வாய்க்கால் தகராறு இருந்ததாகவும் தெரியவந்தபோதுதான் எனக்கு வடிவின் ஞாபகம் வந்தது.

தோர்ஜேயிடம் "ஜல்தி!" என்றேன். ஓட்டினார். கீழே பாதை பிரியும் இடத்துக்கு முந்தைய வளைவில் வந்தபோது, எங்களுக்கு நேர் கீழே, சத்தம் போட்டால் கேட்கும் தூரத்தில், ஆரஞ்சு நிறச் சட்டையில் வடிவு ஓடிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் ஏறினால் மூன்றாவது கணவாய். இடப்பக்கம் இறங்கினால் ஏதோ ஒரு கிராமம். அம்புக்குறி போட்ட பலகை காற்றில் குப்புற விழுந்து கிடந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். எங்களைத்தான் தேடியிருக்க வேண்டும். பிறகு இடப்பக்கம் திரும்பினாள்.

நான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, நெஞ்சில் இருந்த கொஞ்சக் காற்றையும் திரட்டி "வ—" என்றேன்.

என் வாயில் ஒரு கம்பளிக் கையுறை வந்து விழுந்தது. உள்ளே நாயகத்தின் கை இருந்தது.

"கூப்பிடாதிய அத்தான்! காலையில பட்டது போதாதா?"

"ம்ம்ம்ம்!" என்றேன். (அவள் தப்பான பாதையில் போகிறாள், இது அவசரம், பகுத்தறிவு என்று ஒன்று இருக்கிறது என்பதெல்லாம் அதில் அடக்கம்.)

"தெரியுது. சுத்திப் போயி முன்னால நின்னு சொல்லுவோம். ஒரு நிமிசம்."

இந்த இடத்தில் நான் அவன் கையைத் தட்டிவிட்டுக் கத்தியிருக்கலாம். அவன் என்னைவிட ஒல்லி. ஆனால் காலையில் சரளையில் கிடந்த வடிவு கண்ணில் வந்தாள். ஐந்து புத்தகங்களும் ஓர் அத்தையும் தராசில் ஏறினார்கள். அத்தை கீழே இறங்கினார். புத்தகங்கள் மேலே போயின. "சரி, முன்னால போவோம்," என்றேன்.

ஆனால் இந்தத் தத்துவ விசாரணைக்காக வண்டி நின்ற நேரத்தில், பின்னாலிருந்து செல்லத்துரையின் லாரிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி இறங்கி, ஒன்று தவறாமல் இடப்பக்கம் திரும்பின. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. ஒரு லாரி அகலத்துக்கு ரோடு. கடைசி லாரியின் வாலில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அதன் பின்பக்கத்தில் செல்லத்துரை உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

நான் இரண்டு கைகளாலும் சைகை காட்டினேன்: முன்னால் ஒரு பெண், ஓடுகிறாள், தப்பு, நிறுத்து. அவன் இரண்டு கைகளாலும் வணக்கம் சொன்னான்.

"ஹாரன் அடிக்கச் சொல்லு," என்றேன்.

நாயகம் யோசித்தான். "ஹாரன் அடிச்சா கூப்பிட்ட மாதிரி ஆகாதா அத்தான்?"

"அதுல அவ பேரு இல்லியேடா."

"பேரு இல்ல. ஆனா மனசுல அவளைத்தானே கூப்பிடுதோம்?"

தோர்ஜேக்கு மனசில் ஒன்றும் இல்லாததால் அவர் அடித்தால் குற்றமில்லை என்று ஒருவழியாக முடிவு செய்தோம். அவருக்கு அதைப் புரியவைக்க என் மூன்று சொற்களும் உதவவில்லை. நானே எட்டி அமுக்கினேன். முன்னால் போன லாரிகள் எல்லாம் பதிலுக்கு அடித்தன. பள்ளத்தாக்கு முழுக்க ஹாரன். அதில் எது யாரைக் கூப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது.

ரோடு கொஞ்சம் அகன்ற இடத்தில் லாரிகள் வடிவைத் தாண்டிப் போக, பின்னாலேயே நாங்களும் அவளைத் தாண்டி, நூறு அடி முன்னால் போய் நிறுத்தி, இறங்கி, ரோட்டின் நடுவில் அவளுக்கு நேர் எதிரே நின்றோம். சாஸ்திரப்படி எல்லாம் சரியாக இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். இறக்கத்தில் நன்றாக ஓடியிருந்தாள்.

"வடிவு, நில்லு. வழி தப்பிட்ட."

சிரிப்பு அப்படியே நின்றது. "எங்கன இருந்து?"

"பாதை பிரிஞ்ச இடத்துல இருந்து. நாலு கிலோமீட்டர் இருக்கும்."

"ஒரு பையன் லாரியில இருந்து, 'யக்கா, நம்ம ஊரா, நல்லா ஓடுதிய'ன்னு சொல்லிட்டுப் போனானே. சரியான வழின்னுல்லா நெனைச்சேன்."

"அது செல்லத்துரை," என்றான் நாயகம். "பரமசிவம் சகலையோட..."

"நீங்க எங்கன நின்னிய?"

"பின்னாலதான்."

"பின்னால நின்னு பாத்தியளா?"

"பாத்தோம்."

"பாத்துட்டு?"

நான் ஆற்றைப் பார்த்தேன். நாயகம்தான் சொன்னான். "பின்னால கூப்பிடக் கூடாதுன்னு அம்மா சொன்னாள்லாக்கா."

வடிவு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்குப் பரீட்சையில் விடைக்குப் பதிலாகக் கோலம் போட்டுவைத்த பையனை அவள் அப்படிப் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். திட்டவில்லை. தண்ணீர் குடித்தாள். திரும்பினாள். இறங்கிய நாலு கிலோமீட்டரையும் ஏற ஆரம்பித்தாள்.

அந்த ஏற்றத்தில் நாங்கள் பின்னால் போனோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கூடாரத்தை அடைந்தபோது ஐந்து மணி தாண்டி வெகுநேரமாகியிருந்தது. அங்கிருந்தவர் மிகவும் மரியாதையாக அவள் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறச் சொன்னார். வடிவு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இந்த ரோடு பொதுவானதுதானே? அவர் ஆமாம் என்றார். "அப்ப சரி," என்று தமிழில் சொல்லிவிட்டு மூன்றாவது கணவாயில் ஏறினாள். அட்டை இல்லாமல், கை தட்ட ஆள் இல்லாமல். ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. நடந்தாள், நின்றாள், நடந்தாள். எங்கள் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு மாடு மாதிரிப் பின்னால் ஊர்ந்தது.

உச்சியை அடைந்தபோது எங்கள் வண்டியின் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து கருப்பட்டி கேட்டாள். கொடுத்தேன். கடித்துக்கொண்டே தன் ஷூவைச் சற்று நேரம் பார்த்தாள்.

"நல்ல ஷூ," என்றாள்.

நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கம்பளி வாயில் இன்னும் இருப்பது போலவே இருந்தது.

தச்சநல்லூர் வீட்டில் நாங்கள் நுழைந்ததும் வடிவு முதலில் சொன்னது, "முடிக்கலம்மா." ஷூவை ஒரு பையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். மாடிப்படியைப் பார்த்து நடந்தாள்.

"எதனால முடிக்கல?"

"வழி தப்பிட்டேன்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். எங்கள் பெயரை எடுக்கவில்லை. விஷயம் அங்கேயே அடங்கியிருக்கும். ஆனால் நாயகத்துக்கு உழைப்பு வீணாகிவிடக் கூடாது.

"ஆனா நீ சொன்னதை மீறலம்மா. அவ தப்பாத் திரும்பும்போது அத்தான் கூப்பிடப் போனாவ. நாந்தான் வாயைப் பொத்துனேன்."

அத்தை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்ன?"

அவன் திரும்பச் சொன்னான். இந்த முறை பெருமை குறைந்திருந்தது.

"ஏலே! நான் சொன்னது படி எறங்குற நேரத்துக்குடா! வழி தப்பிப் போறவளையும் பாத்துக்கிட்டு வாயைப் பொத்திட்டா நின்னிய? அவ கிணத்துல விழப் போனாலும் சுத்தி வந்து, கிணத்துக்குள்ள இறங்கி, முன்னால நின்னுதான் சொல்லுவியோ?"

மாப்பிள்ளையைத் திட்டுவது மரபில்லை. ஆகவே எனக்குச் சேர வேண்டியதையும் அவனுக்கே கொடுத்தார். கண்கள் மட்டும் என் மேல் இருந்தன. "அஞ்சு புஸ்தகம் படிச்சியாம், அஞ்சு! மூளை எங்கலே போச்சு?" என்று கேட்டார், வாழ்நாளில் ஒரு புத்தகமும் படிக்காத நாயகத்திடம். பிறகு என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையுடன், "மாப்பிள்ளைக்குக் காப்பி ஆறிட்டு," என்றார். அதைவிடக் கடுமையாக என்னை யாரும் திட்டியதில்லை.

"ஏட்டி வடிவு, நில்லு." வடிவு மாடிப்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றுதான் அத்தை கூப்பிட்டார் என்பதை நான் கவனித்தேன், சொல்லவில்லை. "மூணாவது மலையும் ஏறுனியா?"

"ஏறுனேன். கணக்குல வராதும்மா."

"தப்பா ஓடுனது எம்புட்டு?"

"போக வர எட்டு கிலோமீட்டர்."

"அப்ப எல்லாரையும் விட எட்டு கூட ஓடிட்டுல்லா வந்திருக்க. நீ எங்கட்டி தோத்த? தோத்தது கூடப் போனவங்க. நிப்பாட்டணும்னா அவங்க நிப்பாட்டட்டும்."

"வாக்கு வாக்குதானேம்மா," என்றாள் வடிவு.

"வாக்கு வாங்குனவ நானு. நான் சொல்லுதேன். ஷூவைக் கீழ வை."

அன்று மாடிக்குப் போனவை: ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், பிளாஸ்க், குரங்குக் குல்லா, மற்றும் நான் கழுத்தில் பெருமையாக மாட்டிக்கொண்டு திரிந்த தலைமை உதவியாளர் அட்டை. தூக்கிக்கொண்டு போனவர்கள் நானும் நாயகமும். தீர்ப்பு இன்றுவரை அமலில் இருக்கிறது. வடிவு ஓடுகிறாள். போன முறை மலை ஓட்டத்துக்குப் போனபோது துணைக்குப் போனவர்கள் அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இருவர். வழி நெடுகப் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்களாம். முடித்துவிட்டு வந்தாள்.

வீட்டில் என் நிலைமைதான் மோசம். நான் எதையாவது மறந்துவிட்டு வெளியே கிளம்பினால் இப்போது யாரும் என்னைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாலும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தெருவில் இறங்கிய பிறகு என் மகளோ மனைவியோ கொல்லைவாசல் வழியாகச் சந்தில் ஓடி, தெருமுனையில் எனக்கு முன்னால் வந்து நின்று, சாஸ்திரப்படி எதிரே கைகாட்டி, "வண்டிச் சாவி," என்று நீட்டுவார்கள். டீக்கடை அண்ணாச்சி முதற்கொண்டு தெருவே இதற்குப் பழகிவிட்டது.

பெரும்பாலும் வருவது வடிவுதான். அவ்வளவு தூரம் சுற்றி ஓடிவந்தும் அவளுக்கு மூச்சு வாங்காது. வாசலிலிருந்து தெருமுனைக்கு நடந்துவந்த எனக்குத்தான் வாங்கும்.